நார்வே கொக்கி

ஓர்ட்வின் டாங்கிக்குள் இறங்கியதை ஹைடன்போஸ்டல் ஊரே நின்று பார்த்தது. அவனால் இனி வெளியே வர முடியாது என்பதை முதலில் கண்டுகொண்டவள் அவன் மனைவி வீப்கே. முப்பத்து நாலு வருடம் ஒருவனோடு குடும்பம் நடத்தியவளுக்கு அவன் காது சிவந்தாலே சேதி தெரிந்துவிடும். மைதானத்தை ஒரு சுற்று ஜோராக ஓட்டி வந்து, தொத்திறைச்சிக் கடைக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, ஓட்டுநர் வாசலில் தலையை நீட்டிக் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். அசைத்தவன் நிறுத்தவே இல்லை. காது இரண்டும் தக்காளி நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன.

கையில் வெண்ணெய்க் கேக்குத் தட்டோடு அவள் டாங்கியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாட்டிக்கிட்டியா?" என்றாள், உதடு அசையாமல்.

"இல்லையே. சும்மா காத்து வாங்கறேன்."

"ஓர்ட்வின்."

"கொஞ்சமா மாட்டிக்கிட்டேன்."

ஊருக்கு வெளியே இருந்த பழைய உருளைக்கிழங்குக் கிடங்குதான் அன்று திறக்கவிருந்த அருங்காட்சியகம். அதை நடத்துவது கவச வண்டி நண்பர்கள் சங்கம். இந்த டாங்கி அங்கே வந்தபோது பாதி வண்டி சேறு, மீதி துரு. பதினோரு வருடச் சனிக்கிழமைகளைப் போட்டு அதைத் திரும்பவும் டாங்கி ஆக்கியிருந்தார்கள். ஒரு காலத்தில் ஊர் ஊராக அழிப்பதற்கென்று வார்த்த இரும்பு அது. இந்தப் பதினோரு வருடமாக அழித்தது சனிக்கிழமைகளை மட்டும்தான், அதில் பாதி வீப்கேயுடையவை. அவளுக்கு டாங்கி பிடிக்காது. சங்கத்தில் சேரச் சொல்லி வருடா வருடம் கேட்பார்கள், வருடா வருடம் அவள் கேக்கை மட்டும் அனுப்பிவைப்பாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் என்பதால், முதல் நாள் வண்டியை ஓட்டும் உரிமையைச் சங்கம் ஓர்ட்வினுக்கு என்றைக்கோ கொடுத்துவிட்டது. கொடுத்த அன்றைக்கு அவன் ஒல்லி. அதற்குப் பிறகு வந்த கேக்கில் பெரும்பங்கு அவனுக்குள்தான் போனது. வண்டியில் ஒவ்வொரு திருகும் அசல்தான், ஓட்டுநர் மட்டும் அளவு மாறிவிட்டான். அந்த சீட்டை அளவெடுத்ததோ போர்க்கால ரேஷனில் வளர்ந்த இருபது வயதுப் பையன்களுக்கு. காலையில் மூச்சை அடக்கிக்கொண்டு, நண்பன் ஃபோல்கெர்ட் தோளைப் பிடித்து அமுக்க, ஒரு வழியாக உள்ளே போய்விட்டான். திரும்பி வருவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஃபோல்கெர்ட் ஊரில் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவன். அவன் மேலே இருந்த சுழல்கூண்டு வழியாக உள்ளே இறங்கி, ஓர்ட்வினின் முதுகுப் பக்கம் போய், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"சீட்டோட சாய்மானத்தை ஒரு கொக்கி பிடிச்சிருக்கு. அது விட்டா சாய்மானம் மடங்கும், ஆளை அப்படியே பின்னால சரிச்சு மேல தூக்கிடலாம். ஆனா சாய்மானத்து மேல பாரம் இருக்கற வரைக்கும் கொக்கி விடாது."

"அப்போ அவனை முன்னால சாயச் சொல்லு," என்றாள் வீப்கே.

"முன்னால வயிறு கம்பியில முட்டுது. முட்டறதாலதான் முதுகு பின்னால அழுத்துது. அவன் எழுந்தாத்தான் கொக்கி விடும். கொக்கி விட்டாத்தான் அவன் எழுந்திருக்க முடியும்."

"மேல இழுத்தா?"

"நெஞ்சு வரைக்கும் வர்றான். அதுக்குக் கீழ உன் கேக்கு."

தொத்திறைச்சிக் கடையிலிருந்து ஒரு டப்பா பன்றிக் கொழுப்பு வாங்கி வந்து தடவிப் பார்த்தார்கள். ஓர்ட்வின் பளபளப்பானானே தவிர நகரவில்லை. திறப்பு விழா உரையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்த் தலைவி ஓரமாக நின்றாள். தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்த மெட்டையே மறுபடி வாசித்தார்கள். கூட்டம் சந்தோஷமாக இரண்டாவது தொத்திறைச்சி வாங்கப் போனது, தொட்டுக்கொள்ளும் கடுகு விழுது தீரும் வரை.

"வழி ஒண்ணுதான்," என்றான் ஃபோல்கெர்ட். "பக்கத்துல பெட்ரோல் இருக்கு, கிரைண்டர் வைக்க முடியாது. ஆக்சா பிளேடு குடுங்க. ஒரு காபி ஆறுறதுக்குள்ள கொக்கியை அறுத்துடறேன்."

"எதை?" என்று ஒரு குரல் கேட்டது.

சங்கத் தலைவர் எக்கெஹார்ட் ஸ்ட்ரூவே வந்துகொண்டிருந்தார். நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். விழாவுக்காகக் குட்டிக் குட்டி டாங்கி போட்ட டை கட்டியிருந்தார். ஊரில் எல்லாரையும் "நீங்க" என்பார். சங்க உறுப்பினர்களை மட்டும் "நீ" என்பார், ஏனென்றால் சங்க விதியில் அப்படிப் போட்டிருந்தது.

"நார்வே கொக்கியையா அறுக்கப் போற?" என்றார். முகத்தில் ரத்தம் இல்லை. "ஃபோல்கெர்ட், அது உலகத்துலேயே ஒண்ணுதான் இருக்கு."

வீப்கே கேக்குத் தட்டைத் தொத்திறைச்சிக் கடை மேசையில் வைத்தாள். வைக்காவிட்டால் கீழே விழுந்திருக்கும். மாட்டியிருந்தது அந்தக் கொக்கியா.

அந்தக் கொக்கியின் கதை சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முழுக் கதை தெரிந்தவள், அவள் நினைத்துக்கொண்டிருந்த வரையில், அவள் ஒருத்திதான்.

அவர்களுடைய வெள்ளி விழா வருடம் ஓர்ட்வின் அவளை நார்வேக்குக் கூட்டிப்போனான். கடல் மலைக்குள் புகுந்து வரும் இடங்களைப் பார்க்கத்தான் போகிறோம் என்று அவள் நினைத்தாள். பார்க்கவும் செய்தார்கள், ஒரு மாட்டுத் தொழுவத்துக்குப் போகிற வழியில். அந்தப் பண்ணைக்காரன் போர் முடிந்தபோது விட்டுப்போன டாங்கியிலிருந்து எடுத்தது என்று சொல்லி ஒரு கொக்கியைக் காட்டினான். ஓர்ட்வின் கண்ணில் நீர் வந்துவிட்டது. பதிலுக்கு அவர்களுடைய புத்தம்புதுக் கூடாரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டான். ஆண்கள் தொழுவத்தில் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, பண்ணைக்காரன் மனைவி ஒட்னி சமையலறையில் வீப்கேக்கு அடையும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்துக்கொண்டே, தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தைகளில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: அது வைக்கோல் கட்டும் எந்திரத்தின் தகடு. கன்றுக்குட்டி ஓடாமல் இருக்க இவர்தான் வளைத்துக் கதவுக்குப் போட்டார். டாங்கியும் இல்லை, ஒன்றும் இல்லை. வருகிற ஜெர்மன்காரர்களிடம் எல்லாம் இதையேதான் சொல்கிறார்.

வீப்கே வெளியே வந்தபோது ஓர்ட்வின் அந்த இரும்பைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றான். சொல்ல வாய் வரவில்லை, மென்று விழுங்கிவிட்டாள். கூடாரம் போனதால் மீதி ராத்திரிகளைக் காருக்குள் காலை மடக்கிக்கொண்டு கழித்தார்கள். கூரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. ஊருக்கு வந்ததும் ஓர்ட்வின் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதை ஒரு குளிர்காலம் முழுக்கத் தேய்த்தான். பிறகு சாம்பல் வண்ணம் அடித்து எக்கெஹார்டிடம் கொடுத்தான். எக்கெஹார்ட் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "வடமுனைப் போர்முனைக்கான அரிய குளிர்கால வகை" என்று சங்க இதழில் நான்கு பக்கம் எழுதினார்.

இப்போது அந்த அரிய வகை அவள் புருஷனைப் பிடித்து வைத்திருந்தது. மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் அவன் திரிசங்கு போலத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"விதி பதினேழு," என்றார் எக்கெஹார்ட். "பொதுக்குழு தீர்மானம் இல்லாம எந்த அசல் பாகத்தையும் அறுக்கவோ, துளை போடவோ, வெல்டிங் வைக்கவோ கூடாது."

"ஆளு உள்ள இருக்கான்யா," என்றான் ஃபோல்கெர்ட்.

"ஆளு அசல் பாகம் இல்ல. முன்பக்கத் தகட்டைக் கழட்டினா சேதாரம் இல்லாம எடுத்துடலாம். அதுக்குப் பெரிய பாரந்தூக்கி வேணும், புதன்கிழமை வரும். அது வரைக்கும் நாம முறை வெச்சு அவனுக்கு சூப் ஊட்டலாம்."

"சூப் சரி. மத்ததுக்கு?"

"வாளி வைப்போம்."

"அவனாலதான் எழுந்திருக்க முடியாதே."

எக்கெஹார்ட் கொஞ்சம் யோசித்தார். "அது தனித் தீர்மானம்," என்றார்.

வேறு ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் சேர்ந்து தலைவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கொக்கியை அறுத்திருப்பார்கள். ஹைடன்போஸ்டலில் அப்படி ஒரு வழி இருப்பதே யாருக்கும் தோன்றவில்லை. பீர் பெஞ்சுகளை இழுத்து டாங்கியைச் சுற்றிப் போட்டார்கள். செயலாளர் அல்முட், சங்கத்தில் இருந்த ஒரே பெண், கைப்பையிலிருந்து மணியை எடுத்து அடித்தாள். பேண்டு நின்றது. அவசரப் பொதுக்குழு தொடங்கியது. போதுமான உறுப்பினர்கள் வந்திருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்து, ஓர்ட்வினையும் சேர்த்துச் சரியாக இருக்கிறது என்றார்கள்.

"சம்பந்தப்பட்டவன் ஓட்டுப் போடலாமா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். அதை ஆளுக்கு ஆள் அலசினார்கள். ஓர்ட்வின் கூட்டத்துக்கு வந்திருக்கிறானா, அல்லது கூட்டம் அவனிடம் வந்திருக்கிறதா என்று ஒருவர் நுட்பமாகக் கேட்டார். கடைசியில் போடலாம் என்று முடிவானது.

வீப்கே நிம்மதியாக மூச்சு விட்டாள். கைகளை அவள் ஏற்கெனவே மனசுக்குள் எண்ணியிருந்தாள், ஓர்ட்வினையும் சேர்த்து அறுக்கலாம் என்பவர்கள் இரண்டு பேர் கூடுதல்.

"கொக்கியை அறுக்கலாம் என்பவர்கள்," என்றாள் அல்முட்.

ஆறு கைகள் உயர்ந்தன. ஓர்ட்வின் கை வாசலுக்குள்ளேயே கிடந்தது.

"கூடாது என்பவர்கள்."

எக்கெஹார்ட் கையைத் தூக்கினார். இன்னும் நாலு பேர் தூக்கினார்கள். பிறகு டாங்கியின் வாசலிலிருந்து, பன்றிக் கொழுப்பில் மினுங்கிக்கொண்டு, ஓர்ட்வினின் கை மெல்ல மேலே வந்தது.

"அடப்பாவி," என்றான் ஃபோல்கெர்ட்.

"அசல் அசல்தானே," என்றான் ஓர்ட்வின், யாரையும் பார்க்காமல்.

ஆறுக்கு ஆறு. சமமானால் தீர்மானம் தோல்வி என்றார் எக்கெஹார்ட். ஓர்ட்வினுடைய தியாகத்தைக் குறிப்பில் எழுதும்படி அல்முட்டிடம் சொன்னார்.

வீப்கேக்கு வந்த கோபத்தில் அந்த டாங்கியையே கையால் பிரித்திருப்பாள். ஒரே ஒரு வார்த்தை போதும். அது வைக்கோல் எந்திரம் என்று சொல்லிவிட்டால் அசலும் இல்லை, விதி பதினேழும் இல்லை, ஃபோல்கெர்ட் அப்போதே அறுத்துவிடுவான். ஆனால் ஊரே நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். உடம்பெல்லாம் கொழுப்போடு, வயிறு மாட்டி உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் போய், உன் பொக்கிஷம் கன்றுக்குட்டிக் கதவுத் தாழ்ப்பாள் என்று எப்படிச் சொல்வது. ஒன்பது வருடம் காப்பாற்றிய சந்தோஷம் அது. அவனை வெளியே எடுக்க வேண்டும், அதை உடைக்காமல் எடுக்க வேண்டும்.

"இந்தச் சங்கத்துல எப்படிச் சேர்றது?" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். உள்ளேயிருந்து "வீப்கே, வேண்டாம்," என்று ஓர்ட்வின் குரல் வந்தது.

"ரெண்டு பேர் முன்மொழியணும், பொதுக்குழு ஏத்துக்கணும்," என்றாள் அல்முட். "நான் முன்மொழியறேன்."

"நானும்," என்றான் ஃபோல்கெர்ட்.

"ஒரு நிமிஷம்," என்றார் எக்கெஹார்ட். "திருமதி லூர்ஸ், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. கவச வண்டிக்குத் தொடர்ந்து பங்களிப்புச் செஞ்சிருக்கணும்னு விதி இருக்கு. நீங்க இது வரைக்கும் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்ல."

"பங்களிப்பா?" என்றான் ஃபோல்கெர்ட். "பதினோரு வருஷமா இவ அனுப்பின கேக்கு அந்த வண்டிக்குள்ளதான்யா இருக்கு. எடுக்க முடியாம நாம எல்லாரும் உக்காந்திருக்கோம்."

இதற்கு மறுப்புச் சொல்ல எக்கெஹார்டிடம் விதி எதுவும் இல்லை. எதிர்ப்பு ஓர்ட்வின் ஒருவனுடையது மட்டும். வீப்கே உறுப்பினரானாள். எக்கெஹார்ட் எழுந்து வந்து, டையைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டினார்.

"எக்கெஹார்ட்," என்று தன் பெயரைச் சொன்னார். "இனி நாம நீ, நான்."

"வீப்கே," என்றாள் அவளும் கைகுலுக்கி. "எக்கெஹார்ட், நீ கொஞ்சம் உக்காரு. மறுபடி ஓட்டுக்கு விடணும்னு நான் கேக்கறேன்."

அறுக்கலாம் ஏழு, கூடாது ஆறு. எக்கெஹார்ட் கைக்குட்டையை எடுத்தார். ஃபோல்கெர்ட் பிளேடோடு சுழல்கூண்டுக்குள் இறங்கினான். இரும்பு அறுபடும் கிரீச் சத்தம் கேட்டது. கூடவே, "பத்திரம்டா, பத்திரம்டா," என்று ஓர்ட்வின் சொல்லிக்கொண்டிருந்தான், தன் முதுகைச் சொல்கிறானா கொக்கியைச் சொல்கிறானா என்று தெரியவில்லை. திடீரென்று டப்பென்று ஒரு சத்தம். ஓர்ட்வினின் தலை வாசலிலிருந்து மறைந்து, இரண்டு கால்கள் மேலே வந்தன.

தீயணைப்புப் படையில் நாலு பேர் கயிறு போட்டுச் சுழல்கூண்டு வழியாக அவனைத் தூக்கினார்கள். பேண்டு மறுபடி அதே மெட்டை எடுத்தது. கூட்டம் கைதட்டியது. ஊர்த் தலைவி, உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "திறந்தாச்சு," என்று மட்டும் சொன்னாள். அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்டிராத சின்ன உரை அது.

ஓர்ட்வின் தரையில் கால் வைத்ததும் வீப்கே போய் அவனைக் கட்டிக்கொண்டாள். கையெல்லாம் வழுக்கியது. அவன் வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது, அறுபட்ட கொக்கி அதில். எக்கெஹார்ட் நாலு அடி தள்ளித்தான் நின்றார், அவர் பார்க்கிற பக்கம் திறந்தே இருந்தது. அவன் மறைத்தது அவளிடமிருந்து.

"காட்டு," என்றாள்.

"ஒண்ணுமில்ல. பழைய இரும்பு."

அவன் விரலிடுக்கில் சிவப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. வைக்கோல் எந்திரச் சிவப்பு. வீப்கே அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது, தாழிட்ட குளியலறைக் கதவு உட்பட.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்றாள்.

ஓர்ட்வின் கொக்கியை முன்னால் கொண்டுவந்தான். "முதல் குளிர்காலத்துலேர்ந்து. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பா வந்துச்சு. ரெண்டு தகடைச் சேத்து வளைச்சது அது. பிரிச்சுப் பாத்தேன், உள்ள வைக்கோல் எந்திரக் கம்பெனியோட கதிர்க்கட்டு முத்திரை. ஃபோல்கெர்ட் பட்டறையில யாரும் இல்லாதப்போ வெல்டிங் வெச்சு மூடிட்டேன். உனக்கு?"

"ஒட்னி சமையலறையிலேர்ந்து."

"அடிப்பாவி."

"அப்புறம் எதுக்குடா கூடாதுன்னு கையைத் தூக்கின? புதன்கிழமை வரைக்கும் உக்காந்திருப்பியா?"

"அறுத்தா உள்ள இருக்கறது தெரிஞ்சிடுமே," என்றான் ஓர்ட்வின். "வெள்ளி விழாவுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போயி, கூடாரத்தையும் குடுத்துட்டு, கார்ல படுக்க வெச்சேன். அதெல்லாம் ஒரு கதவுத் தாழ்ப்பாளுக்குன்னு உனக்குத் தெரிய வேணாம்னு பாத்தேன். நீ கார்க் கூரையில பெய்ஞ்ச அந்த மழையைப் பத்தி எல்லார்கிட்டயும் ஆசையா சொல்லிட்டு இருப்ப. அது எனக்குப் பிடிக்கும்."

வீப்கேயின் கோபத்தில் பாதி எங்கே போனதென்று தெரியவில்லை. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவன் கொழுப்புத் தோளில் ஒரு குத்து விட்டாள்.

அதற்குள் எக்கெஹார்ட் வந்து, கையை நீட்டி, கொக்கியின் இரண்டு துண்டையும் வாங்கிக்கொண்டார். வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ரெட் ஆக்சைடு," என்றார் எக்கெஹார்ட். "தொழிற்சாலையிலயே அடிச்சது. நான் அப்பவே எழுதினேன்." அறுத்ததில் வெல்டிங் விட்டுப்போயிருந்த தகடுகளை நகத்தால் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "கதிர்க்கட்டு. மலைப்படையோட ரகசிய முத்திரை. ஓர்ட்வின், இது உலகத்துல யாருக்கும் தெரியாது."

"தெரியாதுதான்," என்றான் ஓர்ட்வின்.

"வீப்கே, நீ அறுக்கச் சொல்லலேன்னா இதைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது," என்றார் எக்கெஹார்ட். சொல்லும்போது அவர் கண் நிறைந்திருந்தது. அவள் ஓர்ட்வினின் காலை மிதித்தாள், அவன் சிரித்துவிடாமல் இருக்க.

அந்தத் துண்டுகள் இப்போது கிடங்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு இருக்கின்றன. எக்கெஹார்ட் இந்த முறை ஒன்பது பக்கம் எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை சங்கம் கூடியது. வீப்கேயும் போனாள், கேக்கு இல்லாமல். சாய்மானத்துக்கு மாற்றுக் கொக்கி வேண்டும், அதற்கு ஓர்ட்வின் மறுபடி நார்வேக்குப் போய் வர வேண்டும் என்று எக்கெஹார்ட் தீர்மானம் கொண்டுவந்தார். அசல் கிடைக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். வீப்கே கையைத் தூக்கித் தானும் கூடப் போவதாகச் சொன்னாள். ராத்திரி தங்க வசதி வேண்டுமே, சங்கக் கூடாரத்தை எடுத்துப்போகலாம் என்று எக்கெஹார்ட் சேர்த்துக்கொண்டார்.

"ஒரு திருத்தம்," என்றாள் வீப்கே. "கூடாரம் வேண்டாம்."

ஓர்ட்வின் கைதான் முதலில் உயர்ந்தது. திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது.